பெருங்காயத்துக்குள் இருந்த கோதுமை

சிங்கப்பூரின் பாண்டான் லூப்பில் உள்ள ஒரு சிறிய உணவு நிறுவனத்தில், கடைகளுக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் லேபிளையும் சரிபார்ப்பது என் வேலை. முறுக்கு, மிக்ஸர், ரிப்பன் பக்கோடா ஆகியவற்றை எங்கள் சமையற்கூடத்திலேயே செய்கிறோம். மசாலாப் பொடிகளும் அப்பளமும் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. என் மேசையில் ஓர் எஃகு அளவுகோலும், நகைக்கடைகளில் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்களே, அந்த வகை லென்ஸ் ஒன்றும் எப்போதும் இருக்கும். சிங்கப்பூரில் லேபிள் எழுத்து 1.5 மில்லிமீட்டர் உயரத்துக்கும், காலாவதித் தேதி 3 மில்லிமீட்டர் உயரத்துக்கும் குறையக் கூடாது. உணவின் பெயர், எடையில் மிகுந்தது முதலில் வரும்படி சேர்மானங்கள், நிகர எடை, இங்குள்ள தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம் ஆகிய எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துச் சரிபார்க்கக்கூடிய இவை எதுவும் எனக்குச் சிரமம் தந்ததில்லை.

சிரமம் தந்தது ஒவ்வாமைப் பட்டியல்தான். குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள் ஆகியவற்றில் எது இருந்தாலும் லேபிளில் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பர் 30 முதல் பானப் பொட்டலங்களில் வந்துவிட்ட, சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரம் சொல்லும் நியூட்ரி-கிரேடு எழுத்துகளைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் சிலருக்கு மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் இந்த வரியைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் எங்கள் அரிசி முறுக்கை வாங்கியிருந்த ஒரு தாய் பேசினார். அவருடைய மகனுக்கு சீலியாக் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் சிறிதளவு போனாலும் அவன் குடல் பாதிக்கப்படும். "அக்கா, லேபிள்ல கோதுமை இல்லைன்னு பாத்துட்டேன். ஆனா பெருங்காயம்னு போட்டிருக்கீங்க. எந்தப் பெருங்காயம் போடுறீங்க? அதுல மாவு கலந்திருக்குமே?" என்று கேட்டார். பையன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான் என்றும் சொன்னார். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த லேபிளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவள் நான். அரிசி மாவு, உளுத்தம் மாவு, எண்ணெய், எள், உப்பு, பெருங்காயம் என்று படித்துவிட்டு, இதில் கோதுமைக்கு இடமே இல்லை என்று நம்பியிருந்தேன்.

சமையற்கூடத்துக்குப் போய், முப்பது ஆண்டுகளாக முறுக்குப் பிழிகிற அண்ணனிடம் கேட்டேன். "பெருங்காயத்துல என்னம்மா மாவு? பெருங்காயம் பெருங்காயந்தானே?" என்றபடியே அவர் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் தந்தார். பின்பக்கத்து லேபிளில் மஞ்சள் கறை படிந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்து லென்ஸை வைத்தேன். முதலில் பிசின், இரண்டாவதாகக் கோதுமை மாவு, அதற்குப் பின்னால்தான் பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் உறைந்து பெருங்காயமாகிறது. அசல் பால் பெருங்காயம் கையில் ஒட்டும். துளி கூடினாலும் கறி கசந்துபோகும். ஆகவே பிசினும் மாவும் சேர்த்துக் காரத்தைத் தணித்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்பதே வழக்கம். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். பிறந்தது முதல் பெருங்காயம் போட்ட ரசத்தைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க ஒருபோதும் தோன்றவில்லை.

லேபிளில் சொல்லாத கோதுமை உள்ளே இருப்பதால், முதலாளி ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்தார். சிங்கப்பூர் உணவு அமைப்புக்குத் தகவல் தெரிவித்துவிட்டு, கடைகளிலிருந்து முறுக்குப் பொட்டலங்களைத் திரும்ப எடுத்தோம். தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் காலியான தட்டுகளைப் பார்த்துக் கடைக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. நான் கடை கடையாகப் போய்க் காரணம் சொன்னேன். அந்த வேலையை வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை.

அதன்பின் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் அதன் சேர்மானங்கள் எவை என்று விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்கும் பழக்கம் வந்தது. அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறினோம். இனி "குளூட்டன் இல்லாதது" என்று போட்டுவிடலாமே என்று விற்பனைப் பிரிவினர் ஆசைப்பட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. அனைத்துலகத் தர விதியின்படி அப்படிச் சொல்ல ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. எங்கள் கூடத்திலோ மைதா சேர்த்த ரிப்பன் பக்கோடாவும் அதே எண்ணெய்ச் சட்டியில்தான் பொரிகிறது. ஆகவே, கோதுமை கையாளப்படும் இடத்தில் தயாரானது என்ற வரியைச் சேர்த்தேன். அப்படி ஒரு வரி போடச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அந்தத் தாயின் கேள்வியைக் கேட்ட பிறகு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றையும் செய்தோம். சட்டம் கேட்பது ஆங்கிலம். வேறு மொழியைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. தேக்காவில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கடலை இருக்காப்பா?" என்று கடைப் பையனிடம் கேட்கும் பாட்டிமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரம் எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். ஒவ்வாமை வரியை மட்டுமாவது தமிழிலும் அச்சிடுகிறோம். அச்சுக்காரர் முதலில் அனுப்பிய மாதிரியில் "நிலக்கடலை" என்ற சொல் இரண்டு வரியாக உடைந்து, "நிலக்" மேலேயும் "கடலை" கீழேயும் நின்றது. மூன்று முறை திருப்பி அனுப்பித்தான் அதை ஒரே வரியில் கொண்டுவந்தேன்.

புதிய லேபிள் வந்ததும் அந்தத் தாயை அழைத்தேன். பெருங்காயத்தை மாற்றிவிட்டோம், ஆனாலும் கூடம் ஒன்றுதான் என்பதால் இந்த முறுக்கு உங்கள் மகனுக்கு ஆகாது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சாம்பார் பொடி எப்படிக்கா? அதுலயும் பெருங்காயம் உண்டா?" என்று கேட்டார். அது தமிழ்நாட்டிலிருந்து வருவது. பொட்டலத்தில் பெருங்காயம் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த ஆலையிலிருந்து எழுத்தில் பதில் வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. அதிலும் கோதுமை இருந்தது. அன்று மாலையே அவரை அழைத்துச் சொன்னேன்; மறுநாள் காலை அந்தப் பொடிக்கும் புதிய ஸ்டிக்கர் எழுத உட்கார்ந்தேன்.