ஆணி அடிக்காத அடுப்படி

"சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீக தம்பி." வீட்டுக்கார ஆச்சி இன்றைக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது.

சரி, சன்னல் கம்பி இருக்கிறதே!

நாலு எஸ் கொக்கி மாட்டி, சந்தையில் வாங்கிய பனையோலைக் கொட்டான் கூடைகளைத் தொங்கவிட்டேன். ஒன்றில் பூண்டு, ஒன்றில் சின்ன வெங்காயம். மூடி இல்லாததால் காற்று படுகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் வியர்த்து அழுகிய வெங்காயம் இதில் சருகு சலசலக்கக் காய்ந்து கிடக்கிறது. உருளைக்கிழங்கு மட்டும் தனியாக, மேடைக்கு அடியில் இருட்டில். வெங்காயத்தோடு சேர்த்து வைப்பதில்லை.

கல்யாணச் சீருக்குக் கொட்டான் தேடுகிற ஊர் இது. வாடகைக்கு இருப்பவர்களும் தேட வேண்டும்.

அலமாரி வாங்கினால் வீடு மாறும்போது வண்டிக்கூலி வேறு. கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஒரே பையில் எடுத்துப் போய்விடலாம்.