பித்தப்பை போனபின் வயிறு படுத்திய பாடு

கல் இருந்ததால் பித்தப்பையையே லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுக்குள் அடைத்த கார்பன் டை ஆக்சைடால் தோள்பட்டை குடைந்தது, அதுவும் தானாகவே போய்விட்டது. என் ஆதங்கமெல்லாம் அதற்கப்புறம் நடந்ததைப் பற்றித்தான்.

வார்டில் இருந்தவரை "காத்து பிரிஞ்சுதா? மோஷன் போனீங்களா?" என்று நர்ஸ் விடாமல் கேட்டார். வீட்டுக்கு வந்தபின் கேட்க நாதியில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் சாப்பாட்டுக்கு ஒரே வரி: கொழுப்பைக் குறைக்கவும்.

முதலில் மலச்சிக்கல். முக்கவும் பயம், தொப்புள் பக்கம் தையல். வலி மாத்திரையில் ட்ரமடால் இருக்கிறது, அது குடலை மந்தமாக்கும் என்று அட்டையைப் பார்த்துச் சொன்னவர் மருந்துக் கடைத் தம்பி! டாக்டரிடம் போனில் கேட்டு வெறும் பாராசிட்டமாலுக்கு மாறியதும் வழி பிறந்தது.

பிறந்த வழி அப்படியே திறந்துகொண்டது. காலையில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டும். பஸ் பயணம் என்றாலே உதறல். ரிவ்யூவுக்குப் போனால் சர்ஜன் தியேட்டரில். டியூட்டி டாக்டர் தையலைப் பார்த்து "சூப்பரா ஆறியிருக்கு" என்றார். வயிற்றைப் பற்றிக் கேட்டேன். "போகப் போகச் சரியாயிடும்மா." எடுத்த பையைச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட்டுக்கு லேப் கவுண்டர் டாக்டரைக் கை காட்டியது, டாக்டர் அறை லேப்பைக் கை காட்டியது. ஒரு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

கடைசியில் வேறொரு குடல் டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். ஈரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்துவைக்கும் பை இப்போது இல்லை. அது எந்நேரமும் சிறுகுடலில் சொட்டுகிறது. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போனால் பேதி. பலருக்குத் தானே அடங்கிவிடுமாம், எனக்கு அடங்கவில்லை. பித்தநீரைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பொடி எழுதினார். எங்கள் தெருக் கடைகளில் கிடையாது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. மணல் மாதிரி நறநறக்கும், மோரில் கலக்கிக் குடித்துவிடலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: இந்தப் பொடி அதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நாலைந்து மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாளிலேயே பஸ் பயம் விட்டது.

எடை வேறு கதை. கஞ்சியும் ரசஞ்சாதமுமாக இருந்தபோது மளமளவென இறங்கியது. "என்னடி இப்படி இளைச்சுட்டே" என்று சித்தி கண் கலங்கினார். அப்புறம் எண்ணெய்க்குப் பயந்து ரஸ்க், பிஸ்கட், இட்லி என்று தள்ளியதில் பழைய எடையையும் தாண்டிவிட்டது. சித்தியை இப்போது காணோம்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோ, கண் மஞ்சளோ, மலம் சுண்ணாம்பாக வெளுப்பதோ, சிறுநீர் கறுப்பதோ தெரிந்தால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டும் ஒருவழியாகக் கிடைத்தது. நாள்பட்ட அழற்சி, வேறொன்றும் இல்லை. இத்தனை நாளும் அது யாருடைய ஸ்கேன் கவருக்குள்ளோ இருந்திருக்கிறது.