காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கித் தனியாகச் சுற்றுவது: பட்டவன் சொல்கிறேன்

மாமா வந்த கப்பல் காலை 8 மணிக்கே கட்டியாயிற்று. மாமா வெளியே வரும்போது மணி 10.15. இடையில் வீணாய்ப் போன நேரத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. 1990இல் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற இந்தக் காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்து, பிறகு சென்னையிலேயே தங்கிவிட்டவர். மாமி திருச்சிக்காரி. சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் வந்தார்கள். இங்கே ஒரு பகல்தான் நிற்கும். கப்பல்காரரே சுற்றுலா பஸ் ஒழுங்கு செய்து டொலரில் விலை சொல்லியிருக்கிறார்கள். "என்ர ஊரைப் பார்க்க நான் ஏன் டொலரில காசு கட்டவேணும்?" என்று மாமா மறுத்துவிட்டார். அதன்பிறகு சுற்றுலா மேசையில் இருந்த பிள்ளை, இங்கே வாகனம் கிடைக்காது, தனியாகப் போவது பாதுகாப்பில்லை என்று பயம் காட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓட்டோ கிடைக்காதாம்! இந்தக் கதையை நம்ப வேண்டாம். டிக்கெட் விற்பதற்காகச் சொல்வது.

ஆனால் ஒன்று உண்மை. பஸ்ஸுக்குக் காசு கட்டியவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்கள் கடைசி. போதாததற்கு, கப்பல் அட்டை இருந்தால் போதும் என்று மேலே ஒருவர் சொல்ல, கீழே குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைக் கேட்டிருக்கிறார். மாமி திரும்ப அறைக்கு ஓடி, பெட்டகத்தைத் திறந்து, எடுத்துக்கொண்டு வந்து, வரிசையின் வாலில் நின்றது ஒரு தனிக் கதை. யார் என்ன சொன்னாலும் கடவுச்சீட்டையும் அதன் பிரதி ஒன்றையும் கையோடு வைத்திருங்கள்.

வெளியே என் பாடு வேறு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடற்படை முகாம். வெளி வாகனம் உள்ளே போக முடியாது, பெயர்ப்பட்டியலில் இல்லாத ஆளும் போக முடியாது. "கப்பலுக்கு வந்தனான்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். காவலுக்கு நின்றவர் அதை நாகப்பட்டினக் கப்பல் என்று விளங்கிக்கொண்டு, அந்தப் பயணிகள் போகிற வாசலுக்கு அனுப்பிவிட்டார். 2023 ஒக்டோபரில் அந்தச் சேவை தொடங்கியதிலிருந்து காங்கேசன்துறையில் கப்பல் என்றால் அதுதான். அங்கே போனால், இன்றைக்குக் கப்பலே இல்லை என்கிறார்கள். கடலில் வெள்ளை மாளிகை மாதிரி ஒன்று நிற்கிறது, கப்பல் இல்லையாம்! சரி என்று ஓட்டோவைத் திருப்பினோம்.

எங்களைக் காப்பாற்றியது முதல் நாளே பேசி வைத்த இடம்தான். அவர்களுடைய இந்திய சிம் இங்கே வேலை செய்யாது, கப்பலின் வைஃபை கரையேறியதும் அறுந்துவிடும் என்று தெரிந்திருந்ததால், காங்கேசன்துறை ரெயில் நிலைய வாசலில் சந்திப்போம் என்று சொல்லியிருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே வந்துவிட்டால் நடந்தே வரலாம், யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். துறைமுக வாசலில் சந்திப்போம் என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். எந்த வாசல் என்று அங்கே நிற்கிறவர்களுக்கே தெரியாது. முகாம் பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

ரெயில் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை பாதை திரும்பத் திறந்தது. ஏறிப் பார்க்க வடிவான பயணம். ஆனால் நாளுக்கு ஓடுவது சில ரெயில்கள்தான். கப்பல் நேரத்தோடு அதைப் பொருத்தப் பார்ப்பது விசர் வேலை. பஸ் அடிக்கடி உண்டு, சந்திக்குச் சந்தி நின்று வரும். நான் எங்கள் தெரு ஓட்டோக்கார அண்ணையிடம் பகல் முழுக்க, நிற்கிற நேரமும் சேர்த்து, ஒரே தொகையாகப் பேசிவிட்டேன். ஆள் தெரியாதவர்கள் ஏறுவதற்கு முன்பே விலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஓட்டோவில் ஏறியதும் மாமி, "ஏம்பா, நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்திரலாமா?" என்றார். வரைபடத்தில் பக்கம் போலத்தான் தெரியும். ரவுணுக்கு, அதாவது யாழ்ப்பாண நகருக்கு வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவான் போய், அங்கே படகு நிறையும்வரை காத்திருந்து ஏறவேண்டும். கப்பலால் இறங்கியவர் நயினாதீவையும் நெடுந்தீவையும் மறந்துவிட வேண்டியதுதான். மாமி முகம் வாடியது, நான் அசையவில்லை.

எல்லோரும் முதலில் கீரிமலைக் கேணிக்குத்தான் போவார்கள், துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். தூரத்தில் இருப்பதை முதலில் முடித்துவிட்டு, கப்பலை நோக்கி வந்துகொண்டே மற்றதைப் பார்ப்பது. ரவுண் 20 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில் என்று காங்கேசன்துறை வீதியால் ஒரே ஓட்டம். நல்லூரில் மத்தியானப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மணி என்றால் மணிதான். பூசை முடிந்து கதவு பூட்டினால் பின்னேரம்தான் திறக்கும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றவேண்டும் என்பது தெரிந்ததே. அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய். அந்த ஒரு ரூபாய் மாமாவிடம் இல்லை. சட்டைப்பை நிறைய இந்திய நோட்டு.

காசு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மாமாவின் வங்கி அட்டையை ஏரிஎம் துப்பிவிட்டது. இந்தியாவில் 2020இலிருந்து, புதிதாகக் கொடுக்கும் அட்டைகள் உள்நாட்டுப் பாவனைக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பாவனையை நாமாகத்தான் திறக்கவேண்டும். இங்கே வந்து திறக்கலாம் என்றால் சிம் இல்லை, ஓடிபி வராது. யுபிஐ 2024 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்கும் போனில் இணையம் வேண்டும், வெளிநாட்டுப் பாவனையை முதலே திறந்திருக்க வேண்டும். என்னுடைய ஹொட்ஸ்பொட்டில் பிடித்துக் கொடுத்தும் சரிவரவில்லை. சந்தைப் பக்கம் ஒரு கடைக்காரர் இந்திய நோட்டை வாங்கச் சம்மதித்தார். அப்போது வங்கியில் ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாயளவு கிடைத்தது, இவர் தந்தது இரண்டரை. புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்கும்போது என் காசைத்தான் எடுத்தேன். சென்னையில் கப்பல் ஏறுவதற்கு முன்பே அட்டையைத் திறந்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு, நூலகம், கோட்டை எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. நூலகத்தை மாமா வெளியே நின்றே பார்த்தார். 1981இல் எரிந்தபோது ஊரில் இருந்தவர், அதிகம் கதைக்கவில்லை.

1.30க்கு வெளிக்கிட்டதுதான் வில்லங்கம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மருதனார்மடத்தில் சைக்கிளும் ஸ்கூல் வானும் போட்டி போடும் தனியார் பஸ்ஸும் சேர்ந்து வீதியை அடைத்துவிட்டன. அதைத் தாண்டினால் ரெயில் கடவை பூட்டிக் கிடக்கிறது. கப்பலில் 4 மணிக்குள் ஏறவேண்டும், 5 மணிக்குப் புறப்படும். மாமி நிமிடத்துக்கொருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கப்பல்காரரின் சுற்றுலா பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். தனியாகப் போனவர் பிந்தினால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவரவர் செலவில் போய்ச் சேரவேண்டியதுதான்.

இருந்தும் கீரிமலையை விடவில்லை. மாமி பெண்களுக்கான மறைப்புக் கேணியிலும், மாமா கடலோரம் ஆண்கள் கேணியிலும் ஒரு முழுக்கு. கடலை ஒட்டி நன்னீர் ஊறுவதை மாமி நம்பாமல் வாயில் விட்டுப் பார்த்தார். திரும்பும் வழியில் மாமா படித்த நடேஸ்வராக் கல்லூரியை ஓட்டோவை நிறுத்தாமலே பார்த்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்தது 3.25. ஓட்டோ உள்ளே போகக்கூடாது, நடந்தும் போகக்கூடாது, காலையில் கப்பலடியிலிருந்து வாசல்வரை ஆட்களை ஏற்றி ஓடிய வானையும் காணவில்லை. காவலில் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்லவேண்டியிருந்தது. கப்பலில் தினமும் தரும் தாளில் துறைமுக முகவரின் இலக்கம் இருக்கும். மாமா அதைப் படம் எடுத்து வைத்திருந்தார். புத்திசாலி! அந்த முகவருக்குப் போன் எடுத்தேன். "வான் வருது, நில்லுங்கோ" என்றார். வந்தது வான் அல்ல, கப்பல்காரரின் சுற்றுலா பஸ். சாரதி இரங்கி இருவரையும் ஏற்றச் சம்மதித்தார். உள்ளே இருந்தவர்கள் நல்லூருக்கு ஒரு மணிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்களாம். டொலர் கட்டியவர்கள். மாமாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

ஏறும்போதுதான் பஸ்ஸில் இருந்த வழிகாட்டி அடுத்த குண்டைப் போட்டார். பொதி பிரிக்காத பலகாரம் கொண்டுபோகலாம், சமைத்த சாப்பாட்டைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அம்மா விடிய எழும்பித் தம்பிக்காகச் சமைத்துக் கட்டிக்கொடுத்த நண்டுக்கறி கையில் இருக்கிறது. பஸ் கதவுக்குப் பக்கத்தில், ஓட்டோவில் சாய்ந்தபடி, மாமா முழுவதையும் நின்றே சாப்பிட்டு முடித்தார். கோயிலுக்குப் போன நாளில் இதென்ன என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போத்தல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு மாமா பஸ்ஸில் ஏறினார். அம்மாவுக்கு, கப்பலில் மேசை போட்டுச் சாப்பிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.