அடியில் கிடக்கும் சர்க்கரைப் பனி

கொலராடோ மலைகளில் அக்டோபரில் விழும் மெல்லிய பனிதான் ஜனவரியில் பனிச்சரிவுக்கு வழிவிட்டு ஆளை விழுங்கும். தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும்; மேலே இரவுக் குளிர் கொல்லும். பனியின் ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடிப்பனி பட்டை தீட்டிய மணிகளாகிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்காது, அஸ்கா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஒழுகும். வடக்கு பார்த்த சரிவுகளில் இந்த அடுக்கு வாரக்கணக்கில் இறுகாது; மேலே குவிந்த பனி பிடிப்பில்லாமல் அதன்மீது வழுக்கிச் சரியும்.

சோதிக்க, போகப்போகும் சரிவின் அதே திசையில், அதே சாய்வில், பத்திரமான இடமாகப் பார்த்துக் குழி வெட்டுங்கள். குழிச் சுவரில், குறுக்கே 90 செ.மீ., உள்வாக்கில் 30 செ.மீ. பனித்தூண் ஒன்றைத் தனியாகப் பிரியுங்கள். பின்பக்கத்தை முடிச்சுக் கயிற்றால் முழுசாக அறுக்கணும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். தூணின் மேல், ஓர் ஓரத்தில் மண்வாரித் தகட்டை வைத்து மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10 தட்டு. விரிசல் விட்ட தட்டிலோ அடுத்ததிலோ அது மறுமுனை வரை ஓடினால், திரும்பிவிடுங்கள். ஓடாவிட்டாலும் நம்பிவிட முடியாது: ஒரு மீட்டருக்கும் கீழே புதைந்த அடுக்கைத் தட்டு சரியாக எட்டாது. அந்த மாதிரி நாளில் 30 டிகிரிக்குக் குறைந்த, தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இல்லாத இடம்தான் என் தேர்வு.