பேஸ்புக் திறந்தால் லைன் சரி என்று அர்த்தமில்லை

வீட்டு வைபையில் மற்ற எல்லாம் ஓடுகிறது, ஒரு சில தளங்கள் மட்டும் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகின்றன என்றால், கஸ்டமர் கெயாருக்கு எடுக்க முன் இதை ஒருதரம் வாசியுங்கள். என்னுடைய நேரமும் பஸ் காசும் போனது போதும்.

மகள் இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறாள். அவளுடைய விஞ்ஞான சேர் கடந்தகால வினாத்தாள்களை விடைகளோடு வேர்ட்பிரஸ் டொட் கொம்மில் உள்ள தன் பக்கத்தில்தான் போடுவார். திடீரென்று அது திறக்கவில்லை. மகளின் போனிலும் இல்லை, என் மடிக்கணினியிலும் இல்லை. வேர்ட்பிரஸில் இருக்கும் வேறு பக்கங்களும் அப்படித்தான். யூடியூப், பேஸ்புக், பரீட்சைத் திணைக்களத் தளம் எல்லாம் வழமைபோல.

போனில் கேட்டால், ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னார்கள். பலனில்லை. சரி, நேரில் போவோம் என்று உப்புவெளியில் பஸ் ஏறி டவுனுக்குப் போய், டோக்கன் எடுத்துக் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி என் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பேஸ்புக் வேலை செய்யுதுதானே அக்கா? அப்ப லைன்ல பிழை ஒண்டும் இல்ல. அந்த சைட்டை அரசாங்கம் தடை செஞ்சிருக்கும்."

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இப்படிச் சொன்னால் யாரும் நம்பித்தான் போவார்கள். அங்கேயே நின்று வீட்டு ரவுட்டரில் இருக்கும் அதே கம்பனியின் சிம்மில் மொபைல் டேட்டாவைப் போட்டேன். சேரின் பக்கம் உடனே திறந்தது. தடை என்றால் இதிலும் திறக்கக்கூடாதே! திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "அப்ப உங்கட போன்லதான் ஏதோ" என்றுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். போனில் பிழையென்றால் மடிக்கணினியில் ஏன் திறக்கவில்லை? பிள்ளையின் சோதனை நெருங்கும் நேரத்தில் இப்படி அலைக்கழித்ததை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, பிங் (ping) என்று அடித்து சேரின் பக்க முகவரியைக் கொடுத்தேன். அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. 192.0.78.12 என்று இலக்கம் வந்தது. ஆகவே பெயரை இலக்கமாக்கும் டிஎன்எஸ்ஸில் குறையில்லை. அதற்குக் கீழே, போய்ச் சேர முடியவில்லை என்ற பதில். அந்தப் பதிலை அனுப்பியது யார் என்று பார்த்தேன். 192.168.8.105. அது என் மடிக்கணினியின் சொந்த இலக்கம்! கம்பனியின் லைன் வரைக்கும் விஷயம் போகவே இல்லை.

அடுத்து, கணினியின் இணைப்பு விபரங்களைக் காட்டும் ஐபிகான்பிக் (ipconfig) கட்டளையை அடித்தேன். சப்நெட் மாஸ்க் 255.0.0.0 என்று இருந்தது. வீடுகளில் வழக்கமாக 255.255.255.0 இருக்கும். எந்த இலக்கங்கள் வீட்டுக்குள் இருப்பவை என்று கணினிக்குச் சொல்வது இந்த மாஸ்க்தான். 255.0.0.0 என்றால், 192இல் தொடங்கும் அத்தனையும் வீட்டுக்குள் என்றாகிவிடும். உண்மையில் அவற்றுள் 192.168இல் தொடங்குபவைதான் உள் பாவனைக்கு ஒதுக்கப்பட்டவை. 192.0.78 வேர்ட்பிரஸ் டொட் கொம்மினுடையது. அதை என் கணினி வீட்டுக்குள்ளேயே தேடி, காணவில்லை என்று விட்டிருக்கிறது. பேஸ்புக்கின் இலக்கங்கள் 192இல் தொடங்காததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மாஸ்க்கை மாற்றியது யார்? அதற்குக் கொஞ்சம் முன்னர் கமெரா பூட்ட வந்தவர். கமெராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரின் இலக்கம் 192.168.1.108, ரவுட்டருடையது 192.168.8.1. இரண்டும் ஒன்றையொன்று காணவில்லை என்று ரவுட்டரில் மாஸ்க்கை அகலத் திறந்துவிட்டிருக்கிறார். போன் எடுத்தால், "கமெரா தெரியுதுதானே அக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

நீங்களும் சரிசெய்வதென்றால் ஒழுங்கு முக்கியம். முதலில் டிவிஆருக்கு ரவுட்டரின் வரிசையிலேயே ஓர் இலக்கம் கொடுங்கள். நான் 192.168.8.50 கொடுத்தேன். வெளியே போகும் வாசலான கேட்வே, ரவுட்டரின் இலக்கமான 192.168.8.1. ரவுட்டர் தானாகப் பகிர்ந்து கொடுக்கும் இலக்கங்களுக்குள் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் ரவுட்டரில் மாஸ்க்கை 255.255.255.0 ஆக்க வேண்டும். மாறிச் செய்தால் கமெரா மறைந்துபோகும், டிவிஆரை டிவியில் செருகித்தான் மீட்க வேண்டிவரும். அப்புறம் ஒவ்வொரு போனிலும் வைபையை நிறுத்திப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய மாஸ்க்கே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரை முழுசாக ரீசெட் பண்ணினாலும் தளங்கள் திறக்கும்தான். ஆனால் கமெரா போய்விடும், காரணமும் தெரியாது, அடுத்தமுறை வருபவர் அதே வேலையைத்தான் செய்துவிட்டுப் போவார்.

சேரின் பக்கம் திறந்ததும் மகள் முதல் வேலையாக வினாத்தாள்கள் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டாள். கமெராக்காரரைக் கூப்பிட்டு இரண்டு இலக்கங்களையும் காட்டினேன். மறுப்பில்லாமல் கேட்டார். எங்கள் ஒழுங்கையில் அவர் கமெரா பூட்டிய இன்னொரு வீட்டுக்கும் போய்ப் பார்த்தோம். அங்கும் 255.0.0.0. அதையும் கையோடு மாற்றிக் கொடுத்தார்.