ரெண்டு கையிலயும் பிரஷர் பாருங்க

காரைக்குடி வீட்டு வளவுல உக்கார வச்சு அப்பத்தாவுக்கு பிரஷர் பார்த்தேன். வலது கையில 152, இடது கையில 128. "மிஷினு கெட்டுப்போச்சுப்பா"ன்னாக. நெஞ்சு மட்டத்துல கையை வச்சு மறுபடி பார்த்தாலும் அதேதான்.

மேல் அளவுல (120/80னு சொல்றதுல முதல்ல வர்ற எண்) 10 வரைக்கும் வித்தியாசம் பலருக்கும் உண்டு, பயப்பட வேணாம். 15, 20ன்னு ஒவ்வொரு தடவையும் வந்தா, குறைவாக் காட்டுற கைக்குப் போற ரத்தக்குழாய் காறை எலும்புக்குக் கீழ கொழுப்பு படிஞ்சு சுருங்கியிருக்கலாம். பெரும்பாலும் இடது பக்கம். அந்தக் கையை மட்டும் பார்த்துட்டு "நார்மல்"னு மாத்திரையைக் குறைக்கிறதுதான் எனக்குப் பெரிய பயம். கூடுதலாக் காட்டுற கைதான் கணக்கு. அங்க படிஞ்ச கொழுப்பு இதயக் குழாய்லயும் படிஞ்சிருக்கலாம், டாக்டர்கிட்ட ரெண்டு அளவையும் சொல்லுங்க.

திடீர் நெஞ்சுவலியோட இந்த வித்தியாசம் வந்தா மகாதமனி, அதாவது இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய், கிழிஞ்சிருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்க.