சாரத்தில் ஏறுகிறவர் யார் கணக்கில்?

தன் நேரடி ஆட்களுக்கு ஒழுங்காக வேலை விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுத்த கட்டட ஒப்பந்தக்காரரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: சப்-கான்ட்ராக்டில் வந்த ஆள். பூச்சு வேலையை ஒரு மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசி விடுகிறோம். அவர் நாலு பேரைக் கூட்டி வருகிறார். அவர்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால், "அது மேஸ்திரியின் ஆள்" என்ற பதில் பெரும்பாலான நாட்டுச் சட்டங்களில் செல்லாது. மேஸ்திரிக்குக் காப்பீடு இல்லையென்றால் பொறுப்பு முதன்மை ஒப்பந்தக்காரர் தலையில் விடியும். கொடுத்ததை மேஸ்திரியிடம் திரும்ப வசூலிக்கச் சட்டம் வழிவிடும். ஆனால் அவ்வளவு பணம் அவரிடம் இருப்பது அபூர்வம்.

இது புதிய விதியும் இல்லை. பிரிட்டனின் 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கட்டட வேலையில், 30 அடிக்கு மேல் உயர்ந்து சாரம் கட்டி வேலை நடக்கும் கட்டடங்களையும் சேர்த்துக்கொண்டது. அதன் 4ஆம் பிரிவு சப்-கான்ட்ராக்ட் ஆட்களுக்கானது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அதே வேலையை 12ஆம் பிரிவு செய்தது. இந்தச் சட்டங்களின் அடிப்படை ஒன்றுதான்: காயம் வேலையால் வந்ததா என்று பார்க்கும். ஆள் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தார் என்ற வாதம் எடுபடாது.

ஆகவே வேலை உத்தரவு கொடுக்கும் முன்பே மேஸ்திரியின் காப்பீட்டுச் சான்றைக் கேளுங்கள். அவர் போனில் காட்டும் படம் போதாது. தவணை கட்டாமல் நின்றுபோன பாலிசியின் சான்றும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். காப்பீட்டு நிறுவனத்திடமே உறுதி செய்யுங்கள். பாலிசியில் உள்ள பெயரும் பில்லில் வரும் பெயரும் ஒன்றா? வேலை முடியும் நாள் வரை செல்லுமா? எந்த வேலைக்கு எடுத்தது? உள்பூச்சுக்கு எடுத்த பாலிசியை நம்பி ஆளைக் கூரையில் ஏற்றக் கூடாது. எத்தனை ஆட்களுக்கு, எவ்வளவு கூலிக்கு என்பதையும் பாருங்கள். இரண்டு பேருக்கு எடுத்துவிட்டு எட்டுப் பேரை இறக்குவது அடிக்கடி நடக்கிறது. முடிவுத் தேதிக்கு 15 நாள் முன்பே நினைவூட்டுங்கள். புதுப்பிக்கவில்லையா, அன்றே வேலையை நிறுத்துங்கள்.

பிரீமியம் கூலியை வைத்தும் வேலையின் ஆபத்தை வைத்தும் போடப்படுகிறது. தொடக்கத்தில் உத்தேசக் கூலிக்குக் கட்டுகிறோம், ஆண்டு முடிவில் உண்மைக் கணக்குப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். அங்கேதான் மஸ்டர் ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு, பேசும். ஒரு கொத்தனார் மாதத்தில் 26 நாள் வந்து, 6 நாள் மட்டும் உயரத்தில் வேலை செய்திருக்கிறார் என்று வைப்போம். நாள்வாரியாக எழுதியிருந்தால் அந்த 6 நாளுக்கு மட்டும் கூடுதல் விகிதம் கேட்கலாம். வெறும் வருகைக் குறி மட்டும் இருந்தால் 26 நாளையும் உயர்ந்த விகிதத்தில் போட்டுவிடக்கூடும். காப்பீடு இல்லாத மேஸ்திரியின் பில்லிலும் இதே தொல்லை: கூலியும் பொருளும் பிரித்து எழுதவில்லையென்றால் முழுத் தொகையையும் நம் பிரீமியக் கணக்கில் கூலியாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிரீமியத்துக்குப் பயந்து கூலியைக் குறைத்துக் காட்டவே வேண்டாம். விபத்து நடந்த பிறகு கிளெய்ம் குறையும், மறுக்கப்படவும் செய்யும். அடிபட்ட குடும்பத்துக்குத் தர வேண்டிய தொகை மட்டும் குறையாது.

"இவர் தனி ஒப்பந்தக்காரர்" என்று தாளில் எழுதிவிட்டால் ஆகிவிடாது. வேலை நேரத்தை வைப்பது யார், கருவி யாருடையது, தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப அவரால் முடியுமா, வேறு இடங்களிலும் வேலை எடுக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். காலை எட்டுக்கு வரச் சொல்லி, நம் கலவை இயந்திரத்தில் நாள்கூலிக்கு நிற்பவர் நம் ஆள்தான்.

ஆள் எடுக்கும்போது வயதுச் சான்று கட்டாயம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு 138ஆம் உடன்படிக்கைப்படி ஆபத்தான வேலைக்குப் பொதுவாக 18 நிரம்ப வேண்டும். பெயர், வேலை வகை, கூலி, வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஆள் சாரத்தில் கால் வைப்பதற்கு முன் பதிவேட்டில் ஏற வேண்டும். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், பகலில் விழுந்தவர் அன்று வேலைக்கு வந்ததற்கே அத்தாட்சி இருக்காது.

விபத்து நடந்தால் முதலில் சிகிச்சை. பிறகு சாரத்தைக் கலைக்காமல் படம் எடுத்து, பார்த்தவர்களின் பெயரை எழுதி, பாலிசி சொல்லும் கெடுவுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடம் "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்து வாங்காதீர்கள். இந்தியாவின் 1923 சட்டம் 17ஆம் பிரிவிலேயே அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டது.